விறகிலே ஓடிய வண்டி

முக்கொம்புக்கு வருகிறவர்கள் தண்ணீரைப் பார்க்க வருகிறார்கள். அகண்ட காவேரி அங்கே இரண்டாகப் பிரிந்து, வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவேரியாகவும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு போகிற காட்சி லேசில் அலுக்கக் கூடியதன்று. 1836-ம் ஆண்டில் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. ஆகையால் நேயர்களை இன்று நான் ஆற்றைப் பார்க்க அழைக்கவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சற்றுத் தெற்கே பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் திருச்சியிலிருந்து கரூருக்குப் போகிற ரயில் பாதை இருக்கிறது. மோட்டார் சாலையும் இருக்கிறது. இன்று ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. சாலையில் பெட்ரோலும் டீசலும் புகைகின்றன. ஆனால் தென்னாட்டு ரயில் எஞ்சின்கள் விறகைத் தின்று ஓடிய காலம் ஒன்று உண்டு. பஸ்கள் மரக்கரியைத் தின்று ஓடிய காலமும் உண்டு. இரண்டும் கட்டுக்கதையல்ல.

இந்தச் சங்கதியை வகுப்பில் சொன்னபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "விறகிலே வண்டி ஓடுமானால், நாம் ஏன் ஸார் பெட்ரோலுக்கு லிட்டருக்கு நூறு ரூபாய் கொடுக்கிறோம்?" என்று கேட்டுவிட்டான். அவன் தகப்பனார் வாழைத் தோட்டத்துக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கிறவர். அறுவடையானபின் அந்தக் கம்பெல்லாம் அடுப்புக்குத்தான் போகிறது. பையனுக்கு விறகின் விலையும் தெரியும், பெட்ரோலின் விலையும் தெரியும். அவனுக்கு இரண்டு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை.

முதலில் ரயிலைப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் புறப்பட்ட இருப்புப் பாதை 1862-ல் திருச்சிராப்பள்ளியை எட்டிற்று. 1866-ல் காவேரிக் கரையோடு கரூர் போய்ச் சேர்ந்தது. அந்நாளில் தென்னாட்டில் நிலக்கரிச் சுரங்கம் ஏது? சீமையிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி யானை விலை, குதிரை விலை விற்றது. ஆகவே எஞ்சின்களுக்கு விறகே ஆகாரமாயிற்று. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். பாதைக்குக் கிட்டே இருந்த காடுகளெல்லாம் மளமளவென்று கரைந்தன. 1856-ல் சென்னை மாகாணத்து வனங்களின் முதல் பாதுகாவலராக நியமனம் பெற்ற டாக்டர் கிளெக்ஹார்ன் என்பவருக்கு, ரயில்வேயின் இந்த விறகுப் பசி பெருங்கவலையாக இருந்தது. பாதையைப் போட்ட கம்பெனிக்கு ஆதரவு கொடுத்ததும் அவரை நியமித்ததும் ஒரே சர்க்கார் என்பது வேடிக்கை. ஒரு கையால் காட்டை வெட்ட விட்டுக்கொண்டு, மற்றொரு கையால் அதற்குக் காவல்காரனை வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சோழ மண்டலக் கடற்கரை மணலிலே சவுக்குத் தோப்புக்கள் எழுந்தன. இன்று சவுக்கு இல்லாத கடலோரத்தை நம்மால் நினைக்கக்கூட முடியவில்லை. ஆயினும் அது நம் பக்கத்து மரமன்று, வந்து குடியேறியது. எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்பதற்காகவே முக்கியமாக அதைப் பயிராக்கினார்கள். பிற்பாடு சிங்கரேணி முதலிய இடங்களிலிருந்து நிலக்கரி வரத் தொடங்கியதும் எஞ்சின்கள் விறகைக் கைவிட்டன. சவுக்கு மட்டும் நின்றுவிட்டது. சென்னைப் பட்டணத்து அடுப்புக்களுக்கு நெடுங்காலம் அதுவே படியளந்தது.

இனி பஸ் விஷயம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அடுத்த ஆண்டிலேயே பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அதுவரை ரங்கூனிலிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அடியோடு நின்றுபோயின. அஸ்ஸாமில் திக்பாய் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன என்றாலும், அவற்றின் உற்பத்தி இவ்வளவு பெரிய தேசத்துக்கு எம்மட்டு? கிடைத்ததெல்லாம் ராணுவத்துக்குப் போயிற்று. ஊருக்கு ஊர் பஸ்கள் சக்கரம் கழற்றி நிற்கவேண்டிய நிலைமை வந்தது.

மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் இதற்கு ஒரு வழி கண்டார். திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். தென்னாட்டில் பஸ் போக்குவரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல்வர். பெட்ரோல் இல்லாமல் மரக்கரியைக் கொண்டு மோட்டாரை ஓட்டுகிற சாதனம் ஒன்றை அவருடைய கம்பெனியார் வடிவமைத்துத் தயாரித்தார்கள். 'டி. வி. எஸ். காஸ் பிளாண்ட்' என்பது அதன் பெயர். நம் மாகாணத்துச் சாலைகளில் பஸ்கள் நின்றுவிடாமல் காப்பாற்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்நிய தேசத்துக் கப்பலை எதிர்பாராமல், நம் ஊர்ப் பட்டறையில் செய்து, நம் ஊர்க் கரியைப் போட்டு ஓட்டிய வண்டி என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் ஒரு பெருமிதம் உண்டாகத்தான் செய்கிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'கரி பஸ்' என்ற மாத்திரத்தில் அவர்கள் முகம் மலரும்.

முகம் மலர்வது இன்று. அன்று அந்த பஸ்ஸில் போனவர்கள் பட்ட பாடு வேறு. வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு இரும்புப் பீப்பாய் ஒன்று நிற்கும். விடியுமுன் கிளீனர் பையன் அதில் கரியைக் கொட்டி, நெருப்பிட்டு, காற்றாடியின் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றுவான். கால் மணி நேரமாவது சுற்றினால்தான் வாயு எரிகிற பக்குவத்துக்கு வரும். அதற்குள் அவன் மேனியும் பீப்பாயும் ஒரே நிறமாகிவிடும். வண்டி புறப்பட்டபின் சமதரையில் எப்படியோ ஓடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். பிரயாணிகள் இறங்கி நடப்பதும், சில வேளை தள்ளுவதும் சகஜம்.

மேடு ஏறாததற்குக் காரணம் உண்டு. கரியை நன்றாகக் காற்று விட்டு எரித்தால் கரியமிலவாயு உண்டாகிறது. அது மேற்கொண்டு எரியாது. ஆனால் பீப்பாய்க்குள் காற்றை அளவோடு விட்டு, அடியில் மட்டும் கனல விட்டால், அந்தக் கரியமிலவாயு மேலே உள்ள தணற்கரியின் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வேறொரு வாயுவாக மாறுகிறது. இது எரியும். சிறிது நீராவியும் கலந்தால் ஹைட்ரஜனும் கிடைக்கிறது, அதுவும் எரியும். இவற்றைக் குளிரச் செய்து, சாம்பல் தூசி போக வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை இவை செய்யும். ஆனால் உள்ளே வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி வெறும் நைட்ரஜன். எரியவும் எரியாது, எரிப்பதற்கு உதவவும் உதவாது. சும்மா இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்ரோலில் பத்துக் குதிரைச் சக்தி தந்த எஞ்சின் கரிவாயுவில் ஐந்து முதல் ஏழு தந்தால் அதிகம். பிரயாணிகள் இறங்கி நடந்தது இந்த நைட்ரஜனுக்காகத்தான்.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். குளிர் நாளில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கினவர்கள் மறுநாள் எழுந்திராமற் போனதை இன்றைக்கும் பத்திரிகையில் படிக்கிறோம். காரணம் இதே வாயு. வண்டியில் இருந்தால் எரிபொருள், அறையில் இருந்தால் விஷம்.

இந்த வித்தை நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுக்காரரான லெபோன் என்பவர் 1799-லேயே மரத்திலிருந்து எரிவாயு எடுத்து விளக்கெரிக்க உரிமைச் சீட்டுப் பெற்றார். ஜார்ஜ் இம்பெர்ட் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் 1920-களில், கரியாக்காமல் விறகுத் துண்டையே போட்டு மோட்டார் ஓட்டும் உலையை அமைத்தார். யுத்தம் முடிகிற காலத்தில் ஸ்வீடனில் மாத்திரம் 70,000-க்கு மேற்பட்ட வண்டிகள் வாயுவில் ஓடின. ஜெர்மனியில் லட்சக்கணக்கில் ஓடின. யுத்தம் ஓய்ந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும், அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பீப்பாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். ஒருவரும் கண்ணீர் விடவில்லை. மலிவுதான், ஆனாலும் வேண்டாம் என்றார்கள். ஏன்?

நம் பக்கத்துக் கதையில் ஒரு பெரிய நஷ்டம் மறைந்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய மரக்கரி சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வேண்டும். கேட்பதற்குச் சிக்கனமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கரி எங்கிருந்து வந்தது? இராமநாதபுரம் பக்கத்தில் இன்றும் மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுகிறார்கள். அப்படிப்பட்ட மூட்டத்தில் நூறு கிலோ விறகை அடுக்கினால் பத்து முதல் இருபது கிலோ கரி கிடைக்கும். விறகில் இருந்த சக்தியில் பெரும் பகுதி புகையாக வானத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே கரி பஸ், ஒரு லிட்டர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் காட்டிலிருந்து எட்டுக் கிலோ, பத்துக் கிலோ மரத்தை வாங்கிற்று. இம்பெர்ட் செய்தபடி விறகையே நேராகப் போட்டால் மூன்று கிலோவில் காரியம் முடியும்.

அப்படியானால் எல்லோரும் விறகையே போடலாமே? போடலாம், தார் என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒரு சோதனைக் குழாயில் மரத்தூளை அடைத்துச் சூடாக்கி, வாய்க்குப் பொருத்திய மெல்லிய குழாயில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் பிடிக்கும். பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் எந்த ஆசிரியரும் செய்து காட்டக் கூடியது. பையன்கள் கை தட்டுவார்கள். ஆனால் சோதனை முடிந்து குழாயைக் கழுவப் போகிறவனைக் கேட்டால் தெரியும். கறுத்துப் பிசுபிசுத்த கோந்து போன்ற பண்டம் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தார். அது எஞ்சினுக்குள் போனால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் பாழ். வாயு முழுவதும், ஆயிரம் டிகிரிக்கு மேல் கனல்கிற தணலின் ஊடே இறங்கி வரும்படி உலையை அமைத்தால் தார் சிதைந்துபோகும். இம்பெர்ட்டின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஆனாலும் விறகு சிறு சிறு துண்டாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கும்வரை காய வைக்காமல் போட்டால் தார் பெருகும், வாயு சோர்ந்துவிடும்.

இப்போது பையனுடைய கணக்குக்கு வருவோம். விறகு கிலோ 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோவுக்கு 18 ரூபாய். லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு விலைதான்! காகிதத்தில் அவன் ஜெயித்துவிட்டான். ஆனால் அந்த 18 ரூபாயில் விறகைத் துண்டு போடுகிறவன் கூலி இல்லை. உலர்த்துவதற்கு வேண்டிய கொட்டகை இல்லை. நாள்தோறும் சாம்பலை வாரி, வடிகட்டியைக் கழுவி, நெருப்பிடுகிறவனுடைய காலைப்பொழுது இல்லை. தார் தோய்ந்த கழுநீரை வாய்க்காலில் விடாமல் பத்திரமாக அகற்றும் செலவும் இல்லை. ஸ்கூட்டரில் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிற மனிதரிடம், "கால் மணி நேரம் காற்றாடி சுற்றிவிட்டுப் புறப்படுங்கள்" என்று யார் சொல்வது? பெட்ரோலுக்கு நாம் கொடுக்கும் விலையில் பாதி, இந்த உபத்திரவங்களிலிருந்து கிடைக்கும் விடுதலைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு; எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. நாள் ஒன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிற ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் 40 லிட்டர் டீசல். லிட்டருக்கு மூன்றரைக் கிலோ வீதம் அதற்கு ஈடாக 140 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். ஆண்டுக்கு 51 டன். நல்ல சவுக்குத் தோப்பு ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன் தருமென்று தாராளமாகவே போட்டாலும், ஒரே ஒரு பஸ்ஸுக்கு ஐந்து ஏக்கர் தோப்பு எந்நாளும் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதே ஐந்து ஏக்கரில் காவேரிப் பாசனத்தில் ஒரு போகம் நெல் விளைத்தால் பத்து டன் நெல் கிடைக்கும். ஏறக்குறைய அறுபது பேர் ஓர் ஆண்டு சாப்பிடலாம். நஞ்சை நிலத்தில் வண்டிக்காக மரம் நடுவோம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை அன்போடு வழியனுப்பிவிடுவது நல்லது.

சரி, நஞ்சை வேண்டாம், புன்செயில் விளையட்டுமே என்பீர்கள். விளைகிறது. ஆனால் விளைந்த மரத்துக்கு வேறு வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். காவேரிக் கரையோடு மேற்கே போனால் கரூருக்கு அப்பால் புகளூர். அங்கே தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. முதலில் கரும்புச் சக்கையை நம்பி ஏற்பட்ட அந்த ஆலைக்குச் சவுக்கும் தைலமரமும் கூட வேண்டும். குடியானவர்களுக்குக் கன்று கொடுத்து மரம் வளர்க்கச் செய்கிறது. மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் அதற்கு ஓர் அட்டை ஆலையும் உண்டு. காகிதத்துக்கு நல்ல விலை கிடைக்கிற மரத்தை அடுப்புக்கு மலிவாக எவன் கொடுப்பான்? கொடுக்கச் சொல்வதும் நியாயமில்லை.

விறகு மலிவாக இருப்பது அதை ஒருவரும் கேட்காதவரைதான். இதற்குக் கண்ணெதிரே சாட்சிகள் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர்கள் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியோடு சேர்ந்து, பயிர்க் கழிவைக் குளிகையாக அழுத்தி எரிக்கிற அழகான அடுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 2006-ம் ஆண்டை ஒட்டி அது விற்பனைக்கு வந்தது. புகை மிகக் குறைவு. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாங்கின. சில ஆண்டுகளில் குளிகைக்கு வேண்டிய கழிவுப் பொருளின் விலை ஏறிற்று. குளிகை விலையும் கூடவே ஏறிற்று. குடும்பத் தலைவிகள் கணக்குப் பார்த்தார்கள்; அடுப்பைப் பரணில் வைத்துவிட்டுப் பழையபடி சமையல் வாயுவுக்கோ சுள்ளிக்கோ போய்விட்டார்கள். அடுப்பில் ஒரு குற்றமும் இல்லை. நம் ராஜ்யத்திலே மரக்கழிவைக் கொண்டு மின்சாரம் எடுக்க எழுந்த ஆலைகள் பலவற்றின் கதையும் இதுவே. ஆலை வரும்முன் சும்மா கிடந்த சுள்ளி, ஆலை வந்ததும் சரக்காகிவிடுகிறது.

மரத்திலிருந்து நேராக ஒரு திராவகம் எடுத்துவிட்டால் பீப்பாயும் வேண்டாம், காற்றாடியும் வேண்டாமே என்ற ஆசை பழமையானது. மைசூர் ராஜ்யத்தில் பத்ராவதியில் 1923-ல் இயங்கத் தொடங்கிய இரும்பாலையில், மலைக்காட்டு மரத்தை மூடிய கலங்களில் வாட்டி, இரும்பு உருக்கக் கரியும், உபரியாக மரச்சாராயமும் தாரும் எடுத்தார்கள். சர் எம். விசுவேசுவரய்யா கண்ட கனவு அது. மரச்சாராயம் என்பதற்கு இன்றைய பெயர் மெதனால். எஞ்சினில் எரியும் என்றாலும் அது கொடிய நஞ்சு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டது மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்துத்தான். அந்த மெதனால் மரத்திலிருந்து வந்ததன்று. இக்காலத்தில் அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். 'சாராயம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் எச்சரிக்கை செய்தேன்.

எதனால் என்பது வேறு. இப்போது பெட்ரோல் நிலையங்களில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது வரை அது கலந்திருக்கிறது. பெரும்பாலும் கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வந்தது. வைக்கோலிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுப்பது கடினம். நெல்லில் உள்ள மாவைப் புளிக்க வைப்பது நம் பாட்டிமாருக்கே தெரிந்த வித்தை; மரத்தில் உள்ள செல்லுலோஸைச் சர்க்கரையாக்க, முதலில் அதைச் சுற்றிச் சிமென்டு போல் இறுகியிருக்கும் லிக்னின் என்ற பொருளைப் பிரிக்க வேண்டும். விலையுயர்ந்த நொதிகள் வேண்டும். ஹரியானாவில் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் வைக்கோலிலிருந்து எதனால் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. சுமார் 900 கோடி ரூபாய் செலவு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுப்பது அதன் திட்டம். அஸ்ஸாமில் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் மூங்கிலிலிருந்து எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. (மூங்கில் மரமன்று, புல் என்பார் தாவர சாஸ்திரிகள், அடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.) நல்ல முயற்சிகள், தேசத்துக்கு வேண்டியவை. ஆனால் ஒரு கிராமமோ ஒரு சிறு வியாபாரியோ தொடக்கூடிய காரியமல்ல.

கிராமம் தொடக்கூடியது பழைய பீப்பாய்தான். ஆனால் அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்த வேண்டும். கர்நாடகத்தில் தும்கூர் ஜில்லாவில் ஹோசஹள்ளி என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். அதுவரை மின்சாரம் எட்டாத ஊர். 1988-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் அங்கே விறகு வாயு உலை ஒன்றை ஐந்து குதிரைச் சக்தி எஞ்சினோடு அமைத்தார்கள். ஊர்ப் புறம்போக்கில் மரம் நட்டு வளர்த்தார்கள். அந்த விறகில் வீடுகளுக்கு விளக்கு எரிந்தது. குழாயில் குடிநீர் வந்தது. பின்னால் மாவு யந்திரமும் ஓடிற்று. நம் பக்கத்தில் கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறைப் பஞ்சாயத்தார், குடிநீர் இறைக்கும் மின்சாரக் கட்டணம் தாளாமல், 2003-ல் ஒன்பது கிலோவாட் விறகு வாயு யந்திரம் ஒன்றை அமைத்தார்கள். மர அறுவைப் பட்டறைக் கழிவுதான் எரிபொருள். அன்று பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் பெயர் இதனால் நாடெங்கும் தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து அதே பஞ்சாயத்து சொந்தமாகக் காற்றாலையும் வாங்கிற்று. அது வேறொரு நாள் எழுத வேண்டிய கதை.

இந்த இரண்டு ஊர்களிலும் பஸ்ஸுக்கு இருந்த கஷ்டங்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். யந்திரம் நின்ற இடத்தில் நிற்கிறது. மேடு ஏற வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பக் கூட ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. விறகு பக்கத்திலேயே கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் இந்த வாயுவைக் கலந்து கொடுத்தால் டீசலில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு மிச்சமாகிறது.

நம் திருச்சி ஜில்லாவுக்கு இது பொருந்துமா? உழவர்களின் நீரிறைக்கும் மோட்டாருக்குப் பொருந்தாது. 1990 முதல் நம் ராஜ்யத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இலவசத்தோடு போட்டியிட எந்த விறகாலும் முடியாது. வண்டிக்குப் பொருந்தாது என்பதை மேலேயே பார்த்தோம். பொருந்தக் கூடியது, சூடு வேண்டியிருக்கும் தொழில்களுக்கு: முறுக்கு, மிக்சர் போடுகிற பட்டறை, செங்கல் சூளை, சாயச்சாலை, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு. எஞ்சினுக்குப் போகிற வாயுவைத்தான் சுத்தி செய்ய வேண்டும். அடுப்புக்குப் போகிற வாயுவில் சிறிது தார் இருந்தாலும் எரிந்துவிடும். இவர்களில் பலர் இன்று சமையல் வாயு சிலிண்டரையோ, புகைகிற விறகடுப்பையோ நம்பியிருக்கிறார்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மிச்சம் சமையற்காரர் கண்ணுக்கும் மார்புக்கும் போகிறது.

விறகுக்கு எங்கே போவது என்றால், கொள்ளிடத்துப் படுகையிலும் ஏரி உட்புறங்களிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலை எல்லோரும் காட்டுகிறார்கள். 19-ம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மரம் அது. விறகுக்கு அதை மிஞ்சியது அபூர்வம். 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை வேரோடு களையும்படி உத்தரவிட்டது. பின்னர் அந்த உத்தரவுக்குத் தடையும் வந்தது. 2022-ல் ராஜ்ய சர்க்கார் இதைப் போன்ற அந்நியத் தாவரங்களைக் குறித்து ஒரு கொள்கையே வெளியிட்டார்கள். களைந்ததை எரிக்கலாம், மிகவும் சரி. ஆனால் அதை நம்பி ஒரு ஜில்லா முழுவதும் உலைகளை நிறுத்திவிட்டால், பத்து வருஷத்தில் மரம் தீர்ந்துபோகும். அல்லது தீராதபடி யாரேனும் திருட்டுத்தனமாக அதையே பயிர் செய்யத் தொடங்குவார்கள். ஏரிக்கு இரண்டாவது முதலாவதைவிட மோசம்.

ஆகவே ஒரு பஞ்சாயத்தோ பட்டறைக்காரரோ இதில் இறங்குவதானால், யந்திரம் விற்கிறவரைப் பார்க்குமுன் சைக்கிளில் ஏறி ஒரு சுற்று வரட்டும். ஐந்து மைல் சுற்றளவில் மர அறுவைப் பட்டறை எத்தனை, அவற்றின் கழிவை இன்று யார் எடுத்துக்கொள்கிறார், என்ன விலைக்கு என்று எழுதிக்கொள்ளட்டும். தேங்காய்ச் சிரட்டை கிடைக்குமா என்று பார்க்கட்டும். விறகைப் போலவே அதுவும் இந்த உலைக்கு மிக நல்ல பண்டம். தார்க் கழுநீரை விட இடம் எங்கே என்று கேட்கட்டும். கடைசியாக, நாள்தோறும் விடியற்காலையில் வந்து நெருப்பிட்டு, சாம்பலை வாரி, வடிகட்டியைக் கழுவப் போகிற ஆள் யார், அவனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று நிர்ணயிக்கட்டும். ஹோசஹள்ளியில் உள்ளூர் இளைஞர்களையே பழக்கி, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.